கொண்டைக்கடலையில் வேர்முடிச்சு பார்த்துச் செடி தேர்வது எப்படி?

வேர்முடிச்சு என்பது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் குடியிருக்கும் புடைப்பு. வேலூர்ப் பக்கத்து நிலங்களில் மல்லாட்டை (நிலக்கடலை) வேரில் முடிச்சு தானாகவே பிடிக்கும். அதே நிலத்தில் கொண்டைக்கடலை போட்டால் வேர் வெறுமையாக இருக்கலாம். இரண்டுக்கும் நுண்ணுயிர் வேறு. கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம் என்ற பாக்டீரியாதான் வேண்டும். அதனால் கொண்டைக்கடலைக்கென்றே விற்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை எல்லா விதையிலும் சீராகப் பூசுங்கள். இல்லாவிட்டால் தற்செயலாக நுண்ணுயிர் கிடைத்த செடியை நல்ல செடி என்று பொறுக்கிவிடுவோம்.

10 கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் கணக்கு. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். கார்பன்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி போடுவதானால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

3 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தி போதும். 30 × 10 செ.மீ. இடைவெளியில் 400 செடி வரும். யூரியா, டிஏபி, தொழு எரு எதுவும் வேண்டாம், சூப்பர் பாஸ்பேட் மட்டும். மண்ணில் தழைச்சத்து நிறைந்திருந்தால் செடி முடிச்சு வைக்காது. ஓரத்தில் ஒரு வரிசை கேழ்வரகு விதையுங்கள்: அது கரும்பச்சையாகச் செழித்தால் அந்தப் பாத்தியில் தேர்வு செய்வது வீண். பெருமழை ஓய்ந்து கார்த்திகையில் விதைப்பது நல்லது; தண்ணீர் தேங்கினால் முடிச்சு மூச்சுமுட்டி அழுகும்.

35 முதல் 45 நாளுக்குள் தோண்ட வேண்டும். முந்தின நாள் மாலை நீர் பாய்ச்சி, வரிசையின் இருபுறமும் 15 செ.மீ. தள்ளித் தோண்டி, 20 செ.மீ. ஆழத்துக்குச் செடிகளை மண்கட்டியோடு எடுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரையுங்கள். கொண்டைக்கடலை முடிச்சு கிளைத்து வளரும், மல்லாட்டை முடிச்சு போல உருண்டையாக இருக்காது. எண்ணிக்கையை விடப் பருமனே முக்கியம். ஒரு முடிச்சை மட்டும் நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது, பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது, வெள்ளை என்றால் இளசாகவோ பயனற்றதாகவோ இருக்கும். 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, பக்கத்துச் செடிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். பாத்தியின் இரு கோடியிலும் மண் ஒன்றாக இருக்காது.

ஒரே ரகத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இப்படித்தான் ரகங்களுக்குள்ளிருந்து அதிக முடிச்சுச் செடிகளையும் முடிச்சே இல்லாதவற்றையும் பிரித்தெடுத்தது.

5 மதிப்பெண் பெற்றவற்றை வேர் காயுமுன் அதே மண் நிரப்பிய தொட்டியில் நட்டு, நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். கொண்டைக்கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், கலப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாகக் கட்டி வைத்து, அடுத்த பருவத்தில் செடிக்கு ஒரு வரிசை, நடுநடுவே தாய் ரகம் ஒரு வரிசை என விதையுங்கள். வரிசை முழுக்க முடிச்சு நன்றாக இருந்து, தழைச்சத்து உரமில்லாமலே விளைச்சலும் தாய் ரகத்தை மிஞ்சினால் மட்டும் விதையைப் பெருக்குங்கள்.