பாலக்காட்டு வெயிலில் முதல் வாட்டர் லூப்: வாங்குமுன் போடும் கணக்கு

கஸ்டம் வாட்டர் லூப் என்பது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு மேல் 'பிளாக்' என்ற உலோகக் கட்டியைப் பூட்டி, அதற்குள் பம்பால் தண்ணீரைச் சுற்றவிட்டு, சூட்டை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும் அமைப்பு. கம்ப்யூட்டருக்கு அதைப் போடப் போகிறீர்கள் என்றால் முதலில் வாங்க வேண்டியது பம்பும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. அறைச் சூடு காட்டும் ஒரு தெர்மாமீட்டர். அதை மேசைக்கு அடியில், கேபினெட் காற்று இழுக்கும் பக்கமாக வைத்து, பங்குனி சித்திரையில் மதியம் மூன்று மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் எட்டு மணிக்கும் பெரிதாக இறங்கியிருக்காது. பகலெல்லாம் வாங்கிய வெயிலை கான்கிரீட் அப்போதுதான் உள்ளே விட ஆரம்பிக்கும். இரண்டில் எது அதிகமோ அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மீதிக் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டங்களுக்கு மோட்டார் பம்புசெட்டும் சொட்டுநீர் லைனும் போடுகிறவன். அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில்தான் அவனுக்கு வேலை குவியும். வெயிலும் அப்போதுதான் உச்சம். ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மெஷின் ஆக்கும் வேலை) போட்டால் ஃபேன் இரைச்சலில் அறையில் உட்கார முடியாது. "மாமா, தண்ணி ஓட்டற வேலைதானே, நீங்களே பார்த்துக் கொடுங்க" என்றான். அப்படித்தான் இதில் இறங்கினேன். இப்போது சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் படிக்கக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியவை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் கோடையில் வெளியே 40 டிகிரி தொடும் நாட்கள் உண்டு. ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிரவே குளிராது. எவ்வளவு காசு போட்டாலும் அதுதான் நிலை. நாம் குறைக்க முடிந்தது தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். அதனால் 'எத்தனை டிகிரியில் ஓடும்' என்று கேட்காதீர்கள். 'அறையைவிட எத்தனை டிகிரி அதிகம்' என்று கேளுங்கள்.

அடுத்து வாட்ஸ். மருமகன் மெஷினில் இருக்கும் பிராசஸர் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 9 5900எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. பிராசஸர் பெட்டியில் 105 வாட்ஸ் என்று போட்டிருக்கும், ஆனால் ஏஎம்டி அதற்கு 142 வாட்ஸ் வரை இழுக்க அனுமதி வைத்திருக்கிறது. கணக்குக்கு 142-ஐத்தான் எடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு 320. இரண்டும் சேர்த்து 462. தொழிலில் இருப்பவர்கள் கையாளும் ஒரு கைக்கணக்கு உண்டு: மிதமான வேகத்தில் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றுக்கான ரேடியேட்டர் இடம், தண்ணீர் அறையைவிட 10 டிகிரி ஏறி நிற்கும்போது, சுமார் 100 வாட்ஸை வெளியே தள்ளும். அப்படியானால் 462-க்கு ஐந்து ஃபேன் இடம். மூன்று ஃபேன் பிடிக்கும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று, இரண்டு ஃபேன் பிடிக்கும் 240 ஒன்று.

அறை 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 46-இல் நிற்கும். கார்டின் சிப் தண்ணீரைவிட 10 முதல் 15 டிகிரி மேலே, அதாவது 60-க்குச் சற்று முன்பின். ரைசனின் சிப் சின்னது, சூடு ஒரே இடத்தில் குவியும். அது தண்ணீரைவிட 30 டிகிரி மேலே போனாலும் ஆச்சரியமில்லை. 76. சித்திரை மதியத்தில் இரைச்சல் இல்லாமல் இது கிடைத்தால் தாராளம்.

இப்போது இதையே ஒரு 240 ரேடியேட்டரை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஒன்றுக்கு 231 வாட்ஸ், வித்தியாசம் 23 டிகிரியாகும், தண்ணீர் 59-க்குப் போய்விடும். பம்புக்கும் பிளாஸ்டிக் டியூபுக்கும் பொதுவாகச் சொல்லும் எல்லை 60. அதே 240-ஐ 20 டிகிரி அறையில் வைத்தால் தண்ணீர் 43 தான். அங்கே தப்பிக்கும் லூப் இங்கே தப்பிக்காது. தெர்மாமீட்டரை முதலில் வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்டர் கூலிங் சூட்டை இல்லாமல் ஆக்காது, இடம் மாற்றும், அவ்வளவுதான். அந்த 462 வாட்ஸும் அறைக்குள்தான் வந்து சேரும். கதவைச் சாத்தி ரெண்டரிங் போட்டால் அறை ஏறும், பின்னாலேயே தண்ணீரும் ஏறும். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது இரண்டாவது ரேடியேட்டர் வாங்குவதைவிடச் சில சமயம் அதிகப் பலன் தரும்.

ரேடியேட்டரில் தடிமனைவிட நீள அகலம் முக்கியம். 30, 45, 60 மில்லிமீட்டர் என்று தடிமன் கிடைக்கும். மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு 30 போதும். அதோடு ஃபேன் 25 சேர்த்து 55 மில்லிமீட்டர் கேபினெட்டின் கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கேபினெட் கம்பெனி '360 பொருந்தும்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ரேமின் உயரமும் பிராசஸர் பவர் கேபிளின் தலையும் இடிக்கும் இடம் அதுதான். துடுப்புகள் நெருக்கமாக உள்ள ரேடியேட்டரும் நமக்கு வேண்டாம். ஆடி மாதக் கணவாய்க் காற்று எவ்வளவு செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். இஞ்சுக்கு 16 துடுப்பு, அதற்குள் இருந்தால் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியே சுத்தம் செய்துவிடலாம்.

உலோகத்தில் ஒரே விதி. செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு, இவை ஒரு குடும்பம். அலுமினியத்தை இதோடு சேர்க்கக் கூடாது, ஒரே தண்ணீருக்குள் இரண்டும் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். பழைய ஆல் இன் ஒன் கூலரின் (பம்பும் ரேடியேட்டரும் பூட்டியே வரும் ரெடிமேட் வாட்டர் கூலர்) ரேடியேட்டரைக் கழற்றி லூப்பில் போடலாமா என்று கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் அலுமினியம். போடாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு பிளாக்தான் தேடி வாங்க வேண்டிய பொருள். பிராசஸர் பிளாக்குக்கு உங்கள் மதர்போர்டு சாக்கெட்டுக்கான பிராக்கெட் இருந்தால் போதும், கார்டு பிளாக் அப்படியில்லை. 3080 என்ற பெயர் போதாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், அதன் போர்டு எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். 3080-இலேயே 10 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு வந்தன. பிளாக் தயாரிப்பாளர்கள் பொருந்தும் கார்டுகளின் பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் உங்கள் கார்டின் முழுப்பெயர் இருந்தால் மட்டும் ஆர்டர் போடுங்கள். அந்த கார்டின் மெமரி நன்றாகச் சூடாகும் ரகம், எனவே மெமரிக்கும் பிளாக்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்த வைக்கும் மெத்தென்ற தெர்மல் பேடின் தடிமனை பிளாக்கோடு வரும் தாள் சொல்கிறபடியே வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் பிளாக் சிப்பின் மேல் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும்.

இனி என் தொழில். பம்பு என்றதும் 'கேபினெட் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுமா' என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூடிய சுற்றில் அந்தக் கேள்வியே கிடையாது. ஏறும் தண்ணீருக்குச் சமமாக மறுபக்கம் இறங்கும் தண்ணீர் இழுத்துக் கொடுத்துவிடும். பம்பு சமாளிக்க வேண்டியது உராய்வை மட்டுமே: பிளாக்கின் மெல்லிய வாய்க்கால்கள், ரேடியேட்டர், வளைவுகள். இந்த வேலைக்குப் பரவலாக வாங்கும் டி5 ரகப் பம்பு சுமார் 4 மீட்டர் ஹெட் (தண்ணீரை அத்தனை உயரம் தள்ளும் அழுத்தம்) தரும். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டருக்கு அது ஏராளம்.

எந்தப் பொருளுக்குப் பின் எதை வைப்பது என்றும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 70 வாட்ஸுக்கு ஒரு டிகிரி ஏறும். நான்கு லிட்டர் ஓடினால் 320 வாட்ஸ் கார்டைத் தாண்டும்போதுகூட ஏறுவது ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. அதனால் டியூப் எந்த வழியில் நேராகப் போகிறதோ அந்த வரிசையே சரி. மாற்றக் கூடாத வரிசை ஒன்றுதான்: ரிசர்வாயர் என்ற தண்ணீர்த் தொட்டி, உடனே அதற்குக் கீழே பம்பு. கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காமல் ஓடினால் சீல் போவதுபோல இதுவும் வறண்டு ஓடினால் போய்விடும். இரண்டும் சேர்ந்த காம்போ வாங்குவது முதல் லூப்புக்கு நல்லது. டி5 முழு வேகத்தில் 20 வாட்ஸுக்கு மேல் இழுக்கும், மதர்போர்டு ஃபேன் ஹெட்டர் வழக்கமாகத் தருவது 12. ஆகவே மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேராக வர வேண்டும். வேகத்துக்கான வயர் மட்டும் மதர்போர்டுக்கு.

டியூப் விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. முதல் லூப்புக்கு சாஃப்ட் டியூப். கண்ணாடிபோல் வளைத்த ஹார்டு டியூப் அழகுதான், ஆனால் அதில் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் ரகம் சூடான தண்ணீரில் இளகி ஃபிட்டிங்கிலிருந்து நழுவக்கூடியது. நம் ஊர்த் தண்ணீர் 46-இல் தொடங்குகிறது, ஃபேன் ஒன்று நின்றுபோனால் அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர் அளவில், கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூபாக வாங்குங்கள். தெளிவான பிவிசி டியூபில் இருக்கும் பிளாஸ்டிசைசர் நாளடைவில் கசிந்து பிளாக்கின் வாய்க்காலில் படியும். ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை.

ஃபிட்டிங் எண்ணிக்கை சுலபம். காம்போ, பிராசஸர், கார்டு, இரண்டு ரேடியேட்டர்: ஐந்து பொருள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், பத்து கம்ப்ரஷன் ஃபிட்டிங். டிரெயினுக்கு ஒரு டீ, ஒரு பால் வால்வ், அதற்கான ஃபிட்டிங்குகள். திரும்பும் 90 டிகிரி எல்போ இரண்டு. கைக்காவலுக்கு இரண்டு ஃபிட்டிங் கூடுதலாக. டியூபின் அளவும் ஃபிட்டிங்கின் அளவும் ஒன்றா என்று ஆர்டர் போடுமுன் மறுபடி பாருங்கள்.

பிளம்பிங் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஃபிட்டிங்குகளின் மரை ஜி 1/4. நேர் மரை, கூம்பு மரை அல்ல. கசிவை நிறுத்துவது மரை இல்லை, அடியில் உள்ள ஓ ரிங். டெஃப்ளான் டேப் சுற்றவே கூடாது. சுற்றினால் ஓ ரிங் சமமாக உட்காராது, பிய்ந்த துணுக்கு பிளாக்கை அடைக்கும். ஸ்பேனரும் வேண்டாம். ஓ ரிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, விரலால் திருகி, ரிங் நசுங்கி நிற்பதை உணர்ந்ததும் ஒரு சின்னத் திருப்பு. அதற்கு மேல் இறுக்கினால் அக்ரிலிக் விரிசல் விடும்.

தண்ணீர். எங்கள் கிழக்குப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் உண்டு. அதைக் கொண்டுபோகவே வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவில் கலக்குங்கள். இன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் பல சமயம் டீமினரலைஸ்டு. லேபிளைப் படித்து வாங்கினால் கான்சன்ட்ரேட்டோடு சேர்த்து அதுவும் ஓடும். பால்போன்ற நிறக் கூலன்ட்டுகளில் துகள் இருக்கும், அது பிளாக்கில் தங்கும். நிறமில்லாதது போதும். லூப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும், ஆனால் ஐந்து லிட்டர் வாங்குங்கள். புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த ஃபிளக்ஸ் தூள் இருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றி, வாய்களை மூடி, நன்றாகக் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள். முதல் தடவை கறுப்புப் பொடியும் பச்சைச் சாயலும் வரும். கிண்ணத்தின் அடி தெளிவாகத் தெரியும் வரை திருப்பிச் செய்யுங்கள்.

பூட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்ற அவசரப்பட வேண்டாம். கைப்பம்பும் கேஜும் உள்ள லீக் டெஸ்டர் கிடைக்கிறது. லூப்பில் 0.5 பார் காற்று ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். பத்து மீட்டர் ஹெட் என்பது ஏறக்குறைய ஒரு பார். நம் பம்பு 4 மீட்டர், அதாவது 0.4 பாருக்கு மேல் தரவே முடியாது. 0.5-இல் முள் அசையாமல் நின்றால் ஓட்டத்திலும் நிற்கும் என்று நம்பலாம். முள் இறங்கினால் ஒவ்வொரு பகுதியாக மூடி எந்த மூட்டு என்று பிடியுங்கள்.

அப்புறம் தண்ணீர். மதர்போர்டு, கார்டு எதற்கும் மின்சாரம் போகாமல், பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் ஜம்பர் பூட்டி பம்பை மட்டும் ஓட்டுங்கள். ரிசர்வாயரை நிரப்பு, சில விநாடி ஓட்டு, நிறுத்து, மறுபடி நிரப்பு. பம்பு வாய் ஒரு கணம்கூடக் காற்றை இழுக்கக் கூடாது. குமிழி போக கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கலாம். மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு ராத்திரி ஓடவிடுங்கள்.

ஃபேன் வேகத்தை பிராசஸர் சூட்டோடு கட்டாதீர்கள், அது நொடிக்கு நொடி துள்ளும், ஃபேனும் சேர்ந்து கத்தும். தண்ணீரில் ஒரு டெம்பரேச்சர் சென்சார் போட்டு அதன் பேரில் ஃபேனை ஓட்டுங்கள். நம் அறைக்கு 40 வரை மெதுவாக, 48-இல் முக்கால் வேகம், 53-இல் முழு வேகம். 55 தாண்டினால் மெஷின் தானாக அணைய அமைத்து வையுங்கள்.

டிரெயின் வால்வ் லூப்பின் அடிமட்டத்தில், கேபினெட்டைத் தூக்காமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறக்கும் முன்பே தண்ணீரை மாற்றிவிட்டால் முகூர்த்த நேரத்தில் அதைத் தொட வேண்டி வராது.