புது நகரத்தில் கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கும் நிமிடங்கள்

பெருநகரத்துக்குப் புதிதாக வந்தவர் பொருளைப் பறிகொடுப்பதும் அடிபடுவதும் சும்மா நடந்துபோகும்போது குறைவு. ரயிலில் ஏறும்போது, டாக்சியிலிருந்து இறங்கும்போது, டிக்கெட் இயந்திரத்தின் முன் திணறும்போது, தெருமுனையில் நின்று போனில் வழி தேடும்போதுதான் அதிகம். ஆகவே அந்த நிமிடங்களில் செய்யும் வேலையில் முடிந்தவரை அறையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறையை விட்டுக் கிளம்பும் முன்

நகரின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. டேட்டா இல்லாவிட்டாலும் நீங்கள் இருக்கும் இடத்தை அந்த நீலப்புள்ளி காட்டும். தங்குமிடத்தின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் திரும்ப என்ன வழி என்பதையும் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் கிடைத்த வண்டியில் ஏறவேண்டிய நிலை இதைப் பார்க்காததால்தான் வருகிறது.

அதே தாளில் இன்னும் மூன்று எண்கள் வேண்டும். ஒன்று, கார்டை முடக்க வங்கியின் தொலைபேசி எண். இரண்டு, போனின் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண். *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்களில் வரும். மூன்று, அந்த நாட்டின் அவசர எண். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்தியாவிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999. எல்லாவற்றையும் போனிலேயே சேமித்துவைத்தால், போன் போகும்போது அவையும் சேர்ந்து போய்விடும்.

போனைப் பறிப்பவருக்குக் கருவியை விட அதற்குள் இருக்கும் வங்கிக் கணக்கு பெரிது. திரை 30 நொடியில் தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். இல்லையென்றால் பூட்டைத் திறக்காமலேயே ஓடிபி படிக்கக் கிடைக்கும். சிம் கார்டுக்கும் பின் எண் (PIN) வையுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவதை அது தடுக்கும். மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியூகே (PUK) எண்ணைக் கேட்கும், அதையும் தெரிந்துவைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

அன்றைய செலவுக்கான பணமும் ஒரு கார்டும் மட்டும் உடம்போடு இருக்கட்டும். இரண்டாவது கார்டு அறையில். பாஸ்போர்ட்டின் அசலைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்ற சட்டம் சில நாடுகளில் உண்டு. அந்த விதி இல்லாத இடத்தில் நகல் போதும்.

ரயிலிலும் பஸ்ஸிலும்

ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த இடம் கதவு. ஒருவர் உங்களுக்கு முன்னால் ஏறி வாசலிலேயே சட்டென நின்றுவிடுவார். பின்னால் இருப்பவர் உங்கள் மேல் மோதுவார். அந்த நெருக்கத்தில் மூன்றாவது கை வேலையை முடித்துவிடும். முதுகுப்பையை ஏறும் முன்பே மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஜிப்பின் இழுப்பானை ஒரு ஊக்கால் பையோடு கோத்துவிட்டால், திருடமுடியாது என்றில்லை, ஆனால் நேரம் பிடிக்கும். நேரம் பிடிப்பதைத் திருடர் விரும்பமாட்டார். கதவோரம் நின்று போன் பார்க்காதீர்கள்: கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு வெளியே குதித்தால், நீங்கள் உள்ளே, போன் வெளியே.

கூட்டமாகப் போகிறவர்கள் கட்டாயம் பேசிவைக்கவேண்டியது ஒன்று உண்டு. பாதிப் பேர் ஏறியதும் கதவு மூடிவிட்டால் என்ன செய்வது? ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்கவேண்டும். விடுபட்டவர்கள் அடுத்து அங்கே நிற்கும் ரயிலில் வந்து சேரவேண்டும். பேசிவைக்காவிட்டால் இரு பக்கமும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பி, எதிரெதிர் ரயில்களில் கடந்துபோவார்கள். குழந்தை மட்டும் நடைமேடையில் விடுபட்டால் அது நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது, பெரியவர் திரும்பி வருவார் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். காலையில் கிளம்பும்போது குழந்தையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால், காணவில்லை என்று பதறும்போது சட்டை நிறத்தை யோசிக்கவேண்டியதில்லை.

டாக்சியில்

செயலியில் வந்த எண்ணும் வண்டிப் பலகையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கதவைத் தொடும் முன் பாருங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லாதீர்கள், "யாரை ஏற்ற வந்தீர்கள்?" என்று கேட்டு ஓட்டுநரைச் சொல்லவிடுங்கள். பின் கதவைத் திறக்கும்போது அதன் விளிம்பில் உள்ள சைல்ட் லாக்கைக் கவனியுங்கள். அது போட்டிருந்தால் உள்ளிருந்து கதவு திறக்காது. இறங்கும்போது டிக்கியிலிருந்து பெட்டி கைக்கு வரும்வரை ஒருவர் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். தனியாக வந்தவர் தன் பக்கக் கதவைச் சாத்தாமல் போய்ப் பெட்டியை எடுக்கலாம்.

சாலையைக் கடக்கையில்

திருட்டுக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் இதற்குப் பயப்படுவதில்லை, பயப்படவேண்டியது இதற்குத்தான். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் வளர்ந்தவர், இறங்கும் முன் தன்னையறியாமல் வலப்பக்கம் பார்ப்பார். வலப்பக்கம் ஓடும் நாட்டில் முதல் வண்டி இடப்பக்கமிருந்து வரும். ஊர் பழகும்வரை இரு பக்கமும் இரண்டு முறை பாருங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் வண்டி நின்று வலப்பக்கம் திரும்பலாம், ஆகவே உங்களுக்குப் பச்சை விழுந்தாலும் திரும்பும் வண்டியைப் பார்த்தே இறங்குங்கள். டிராம் அதிகச் சத்தமில்லாமல் வரும். விலகவும் முடியாது, சட்டென நிற்கவும் முடியாது.

வலிய வந்து பேசுபவர்

சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது என்று துடைக்க வருபவர், கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர், மணிக்கட்டில் கயிறு கட்டவருபவர் எல்லாருக்கும் வேண்டியது உங்கள் இரு கைகளும்தான். நிற்காமல் நடங்கள். போலீஸ் என்று சொல்லிப் பர்ஸைக் கேட்டால் கொடுக்காமல், காவல் நிலையத்துக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். போலி ஆளாக இருந்தால் பெரும்பாலும் நழுவிவிடுவார்.

ஆயுதத்தைக் காட்டினால் பேச்சு வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். பிறகு முதலில் கார்டு, அடுத்து சிம், அதன்பின் போனைத் தொலைவிலிருந்து பூட்டுவது, கடைசியில் போலீஸ் புகார் என்ற வரிசையில் செய்யுங்கள். புகாரின் நகலை வாங்காமல் நிலையத்திலிருந்து வராதீர்கள். காப்பீட்டுக்கு அது வேண்டும். பாஸ்போர்ட் போயிருந்தால் தூதரகத்திலும் கேட்பார்கள்.