இரத்த வகைக் கணக்கு: பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்

அப்பாவுக்கு ஏ வகை, அம்மாவுக்கு பி வகை, மூத்த பிள்ளைக்கு ஓ வகை. அடுத்த பிள்ளை ஏபி வகையாகப் பிறக்க வாய்ப்பு எவ்வளவு?

எடுத்த எடுப்பில் புன்னட் கட்டம் (பெற்றோர் தரும் மரபணு வடிவங்கள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் அட்டவணை) போடாதீர்கள். அப்பா ஏஏ, அம்மா பிபி என்று எழுதிவிட்டால் நான்கு கட்டத்திலும் ஏபிதான் வரும். மூத்த பிள்ளைக்கு ஓ எப்படி வந்தது என்பதற்குப் பதிலே இருக்காது. பலரும் மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான்.

முதலில் ஓ வகைப் பிள்ளையைப் பாருங்கள். ஓ ஒடுங்கு அல்லீல், அதாவது ஏ அல்லது பி-யோடு சேர்ந்தால் மறைந்துவிடும் மரபணு வடிவம். அது இரண்டு இருந்தால்தான் ஓ வகை வெளிப்படும். ஆக, பிள்ளையின் ஜீனாக்கம் (அதனிடமுள்ள அல்லீல் ஜோடி) ஓஓ. ஒன்று அப்பா தந்தது, இன்னொன்று அம்மா தந்தது. அப்படியானால் அப்பா ஏஓ, அம்மா பிஓ. வேறு வழியில்லை.

இப்போது கட்டம் போடுங்கள். மேலே அப்பாவின் இனச்செல்கள் (விந்தணுக்கள்): ஏ, ஓ. பக்கவாட்டில் அம்மாவுடையவை (முட்டைகள்): பி, ஓ. ஒரு இனச்செல்லுக்கு ஒரே அல்லீல்தான். 'ஏஓ' என்று சேர்த்து எழுதினால் கட்டமே குலைந்துவிடும். கிடைப்பவை ஏபி, ஏஓ, பிஓ, ஓஓ. விடை 1/4.

மூத்தது ஓ என்பதால் இந்த வாய்ப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனித்தனியாக 1/4. 'ஏபி வகைப் பெண் குழந்தை' என்று கேட்டால் மட்டும் 1/2-ஆல் பெருக்கி 1/8 என்று எழுதுங்கள். இந்த மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பால் குரோமோசோமில் இல்லை; அதனால்தான் இப்படிப் பெருக்கலாம்.

ஏபி-யில் இரண்டும் ஏன் தெரிகின்றன? சிவப்பணுவின் மேலுள்ள ஹெச் பொருளில் ஏ அல்லீலின் நொதி ஒரு சர்க்கரையையும், பி அல்லீலின் நொதி வேறொரு சர்க்கரையையும் ஒட்டுகின்றன. இரண்டு நொதிகளும் இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும். இதுவே இணை ஓங்குத்தன்மை. ஓ அல்லீலின் நொதி வேலை செய்யாது, அதனால்தான் அது ஒடுங்கு அல்லீல்.

ஹெச் பொருளே உருவாகாதவர்களும் உண்டு. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட 'பாம்பே' வகை இதுதான். சர்க்கரையை ஒட்ட இடமே இல்லாததால், ஏ, பி அல்லீல் இருந்தும் வழக்கமான சோதனையில் ஓ என்றே காட்டும். வினாவில் ஹெச் பற்றிக் குறிப்பு இல்லாவிட்டால் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் வீட்டிலுள்ளவர்களின் இரத்த வகையை வைத்துக் கட்டம் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால், யாருடைய பிறப்பைப் பற்றியும் முடிவுகட்டாதீர்கள். சோதனைப் பிழையாக இருக்கலாம், இதுபோன்ற அரிய வகையாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் மறுபடி சோதித்தால்தான் தெரியும்.