பொங்குவது வேறு, கொதிப்பது வேறு: வீகன் காலை உணவில் நான் பார்க்கும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் அடுப்படியில் நான்கு பேர் நின்றார்கள். இரண்டு பேர் மதுரை, ஒரு பெண் திருப்பூர், இன்னொரு தம்பி இங்கே கொடைக்கானலிலேயே நாயுடுபுரம். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேர்க்காமல், காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி பதினோரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி சமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். பத்தரை மணிக்குள், 12 வருடத்துக்கு முன்னால் நான் இதே அடுப்பில் செய்த தவறுகளில் ஐந்தை வரிசையாகச் செய்துவிட்டார்கள். நான்கைச் செய்யவிட்டுப் பிறகு சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினேன். கீழே அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

வெண்பொங்கலில் நெய் இருக்கும், ரவா தோசையில் சில வீடுகளில் மோர் விடுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருப்பதை விட்டு இல்லாததில் ஆரம்பிப்பது

வீகன் என்றதும் எல்லோரும் பாதாம் பால், பான்கேக், டோஃபு என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இட்லி, அடை, இடியாப்பம் தேங்காய்ப்பால், கம்பங்கூழ் (மோர் விடாமல்), புட்டு, சுண்டல் எல்லாம் ஏற்கனவே நனிசைவம்தான், அதாவது வீகன்தான். புதிதாக எதையாவது சமைத்துப் பார்க்கும் ஆசையில் தப்பே இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஒரே காலையில் ஐந்து புதுப் பண்டம் வேண்டாம். தெரிந்தது மூன்று, புதியது ஒன்று. அந்த ஒன்று சொதப்பினாலும் யாரும் பசியோடு எழுந்து போக மாட்டார்கள்.

பட்டர் ஃப்ரூட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து வரும் பழம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். நம் குளிரில் ஒரு வாரத்துக்கு மேலேயும் கல்லு மாதிரி கிடக்கும். பழுத்த மலைவாழைப்பழம் ஒன்றோடு சேர்த்து அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் வைத்து மசிய வைத்தால் கசக்கும்.

பச்சைப் புள்ளியை நம்புவது

பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. பால் பவுடரும் தேனும் அதற்குள் அடக்கம். பிரெட், பிஸ்கட், ரெடிமேட் பான்கேக் மாவு, எதை வாங்கினாலும் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். நனிசைவத்துக்கென்று தனி முத்திரை 2022-ல் வந்த விதிமுறைகளில் இருக்கிறது: பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில ‘வி’ எழுத்து, அதன்மேல் ஒரு சின்னச் செடி.

இந்துப்பு வாங்கிவிட்டு முட்டை வாசனை வரவில்லை என்பது

முட்டையில்லாத பொடிமாஸில் அந்த வாசனை வர வேண்டியது கருப்பு உப்பு, காலா நமக். பொடித்தால் அதுவும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், அதனால்தான் குழப்பம். கந்தக வாசனை அதில்தான் உண்டு. டோஃபு பொடிமாஸை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தூவுங்கள், முன்னாலேயே போட்டால் வாசனை சூட்டோடு போய்விடும்.

சோயா பாலைப் பொங்கியதும் இறக்குவது

ஞாயிற்றுக்கிழமை நான் கையைப் பிடித்த இடம் இதுதான்.

மாட்டுப்பால் நம் கைக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. பால் மேலே எழும்பினால் பால் காய்ந்துவிட்டது, உடனே அடுப்பை அணைக்க வேண்டும். சின்ன வயதில் “பாலைப் பாத்துக்க” என்று அம்மா நிறுத்திவிட்டுப் போன காலத்திலிருந்து நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தை மாதம் பானை பொங்கினால் குலவை போடுகிறோம். பொங்கினால் முடிந்தது என்று கண்ணும் கையும் பழகிக் கிடக்கின்றன. திருப்பூர் பெண் அன்றைக்கு “அக்கா, பொங்கிருச்சு, இறக்கிடவா?” என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்துவிட்டாள்.

சோயா பால் பொங்கும்போது அது கொதிக்கவே ஆரம்பித்திருக்காது. சோயாவில் சப்போனின் என்று ஒரு பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைப்பதற்கு எது காரணமோ அதே வகைதான். பால் 80 டிகிரியைத் தாண்டும்போதே அது நுரையாகக் கிளம்பி, பாத்திரத்தின் விளிம்புவரை வந்து, அடுப்பெல்லாம் வழியும். பார்க்கிறவருக்குக் கொதி வந்த மாதிரியே இருக்கும். உள்ளே பால் அரைவேக்காட்டில் நிற்கும்.

அரைவேக்காடு என்றால் ருசி மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். பச்சை சோயாவில் டிரிப்சின் என்ற செரிமான நொதியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, லெக்டின் என்ற புரதமும் இருக்கிறது. போதுமான நேரம் கொதித்தால்தான் இவை அடங்கும். கொதிக்காமல் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும், சிலருக்கு வயிற்றால் போகும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஆறு பேருக்கு இதை நான் கொடுத்திருக்கிறேன். அப்போது வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்த நேரம், மே மாத சீசன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களின் மகள் வீகன். அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் முதல் தடவையாக சோயா பால் எடுத்தேன். எங்கேயோ பார்த்த குறிப்பு, “நன்றாகப் பொங்கி வந்ததும் அணைத்துவிடுங்கள்” என்று இருந்தது. பொங்கியது, அணைத்தேன், ஏலக்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். மகளுக்கு மட்டும் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி உட்பட. படகுத்துறைக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார்கள், பாட்டிக்கு மட்டும் குளுகோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாலில்தான் கோளாறு என்பது எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. அதுவரை தண்ணீர் சரியில்லை என்று நினைத்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது அந்த ஒற்றை வரியின் மேல்தான். ‘பொங்கி வந்ததும்’ என்பதை இப்போதும் யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அதிலும் சிலர், சத்து போய்விடும், லேசாகச் சூடுபடுத்தினால் போதும் என்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆக, கீழே வத்தலக்குண்டில் 10 நிமிடத்தில் வேகிறது இங்கே அந்த நேரத்தில் வேகாது. நான் 20 நிமிடம் வைக்கிறேன். ஊட்டியிலும் குன்னூரிலும் இருப்பவர்களுக்கும் இதேதான்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்?

ஒரு கப் சோயா பீன்ஸை ஊறவையுங்கள். சமவெளியில் 8 மணி நேரம் போதும், இங்கே மார்கழியில் 12 மணி நேரத்துக்குக் குறைத்து நான் எடுப்பதில்லை. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள்: உள்பக்கம் தட்டையாக இருந்தால் ஊறிவிட்டது, நடுவில் குழிந்திருந்தால் இன்னும் ஊற வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பருப்பைக் கொதிக்கிற தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுத்து அரைத்தால் அந்தப் பச்சை வாடை பெருமளவு குறையும். வாடையை உண்டாக்கும் நொதி, பருப்பு அரைபடும்போதுதான் வேலையைத் தொடங்குகிறது, சூடு அதை முடக்கிவிடுகிறது. மிக்ஸி ஜாரை மட்டும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சூடானதை அரைக்கும்போது மூடி தெறித்துக் கை வெந்துபோகும். மொத்தம் 6 கப் தண்ணீர். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

பாத்திரம் பெரியதாக இருக்கட்டும், பால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது. நுரை கிளம்பியதும் தீயைக் குறையுங்கள், அணைக்காதீர்கள். நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள், அடி பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் நுரை தானாக அமுங்கும், பிறகு அடியிலிருந்து பெரிய குமிழ்கள் தளதளவென்று வரும். அதுதான் கொதி. கடிகாரத்தை அப்போது பாருங்கள். அந்த நிமிடத்திலிருந்துதான் 20.

இவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்க முடியாது என்றால், ஊறிய பருப்பை முதலிலேயே குக்கரில் நான்கைந்து விசில் விட்டு வேகவைத்து, அப்புறம் அரையுங்கள். நுரைத் தொல்லை வெகுவாகக் குறையும். அந்தப் பாலைக் குடிக்கலாம், கஞ்சியில் ஊற்றலாம், டோஃபு மட்டும் சரியாக உறையாது.

சக்கையை மறந்துவிடாதீர்கள். கொதிக்க வைப்பதற்கு முன்னால் வடிகட்டியதால் அந்தச் சக்கை பச்சையானது. அடை மாவில் கலந்து, மெல்லிசாகத் தட்டி, மூடிபோட்டு இரண்டு பக்கமும் நன்றாக வேகவிட்டால் அருமையாக இருக்கும், மலைப்பூண்டு நாலு பல் தட்டிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மதுரைத் தம்பி ஒருவர் அதை அப்படியே வெல்லத்தோடு உருட்டி லட்டு பிடிக்கப் போனார். வேண்டாம்.

ராஜ்மாவைத் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது

சோயாவுக்குச் சொன்ன அதே காரணம்தான். குக்கர். வேறு பேச்சே இல்லை.

காபியில் திரிந்துபோவது

காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் சோயா பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதக்கும். டிகாக்ஷனில் குளிர்ந்த பாலை ஊற்றுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. பாலைச் சூடாக்கி டம்ளரில் ஊற்றுங்கள், டிகாக்ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேருங்கள். கொட்டையைக் கூடுதலாக வறுத்த தூளில் புளிப்பு குறைவு, அது இதற்குத் தோதாக இருக்கும்.

தேங்காய் எண்ணெய்

24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், அதாவது கொடைக்கானலில் ஏறக்குறைய எப்போதுமே. உருக்கிய எண்ணெயைக் குளிர்ந்த மாவில் ஊற்றினால் மெழுகுத் துண்டுகளாகக் கட்டிக்கொள்ளும், பான்கேக்கில் அங்கங்கே ஓட்டை விழும். மாவில் விடும் பாலையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கடலை எண்ணெய் விடுங்கள்.

ஆளி விதையை முழுசாகப் போடுவது

முட்டைக்குப் பதிலாக என்றால் பொடிக்க வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடிக்கு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர், 10 நிமிடம்.

மாவு புளிக்கவில்லை என்று தயிர் விடுவது

இது நம் மலைக்காரர்களின் தவறு. டிசம்பரில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் அப்படியே இருக்கும். உடனே ஒருவர் ஆப்ப சோடா போடுவார், இன்னொருவர் ஒரு கரண்டி தயிர் விடுவார். தயிர் விட்ட நிமிடமே அது நனிசைவம் இல்லை. சோடா போட்டால் இட்லி மஞ்சளடித்து, சோப்பு மாதிரி ஒரு சுவை வரும். போன தடவை அரைத்த புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருங்கள், அதைக் கலந்தால் போதும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் கரைத்து, கம்பளியைச் சுற்றி, ஒரு பெரிய அண்டாவில் சுடுதண்ணீர்ச் சொம்போடு மூடி வையுங்கள். அப்படியும் 16 மணி நேரம் ஆகும். ஞாயிறு பதினோரு மணிக்குச் சாப்பாடு என்றால் சனி மதியமே அரைத்தாக வேண்டும்.

பி12 வைட்டமின்

முழு வீகனாக மாறுகிறவர்களுக்கு: புளித்த மாவிலிருந்தோ கீரையிலிருந்தோ இது கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீந்த பாலை வெளியே வைப்பது

வெளியே இவ்வளவு குளிர்கிறதே என்று சோயா பாலை மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். மத்தியானம் வெயில் அடித்தால் அடுப்படி சூடாகிவிடும், நம் குளிரை ஃப்ரிட்ஜ் என்று நினைக்க வேண்டாம். கொதித்த பாலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சீக்கிரம் ஆற்றி, மூடி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மூன்று நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊற்றும்போது வழவழப்போ புளித்த வாடையோ தெரிந்தால், திரும்பக் காய்ச்சிப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.