காரைக்குடி அடுப்பில் பன்றிக்கறி அடோபோ

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களிடம் கற்றுக்கொண்ட கறி இது. இப்போது காரைக்குடியில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு எதையும் இதில் போடாதீர்கள். நம் ஊர்க் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். வினிகர், பூண்டு, மிளகு இந்த மூன்றும் பேச வேண்டிய கறி இது.

ஒரு கிலோ வெண்பன்றிக் கறி, வயிற்றுப் பகுதியாகக் கேளுங்கள். தோல், கொழுப்பு, சதை அடுக்கடுக்காக இருக்க வேண்டும். தனிச் சதை வறண்டு போகும். ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, தட்டிய பூண்டு ஒரு முழுசு, சோயா சாஸ் கால் கப்புக்குக் கொஞ்சம் கூட, முழு மிளகு ஒரு டீஸ்பூன், பிரியாணி இலை இரண்டு சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். உப்பு வேண்டாம், சோயாவில் இருக்கிறது.

பாத்திரம் முக்கியம். வினிகர் பித்தளையோடும் அலுமினியத்தோடும் சேராது. எவர்சில்வர் போதும். நான் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய இனாமல் சட்டியில் வைக்கிறேன். பூச்சு பெயராத சட்டியாகப் பார்த்து எடுத்தேன்.

ஊறியதைச் சட்டியில் கொட்டி, ஒரு கப் தண்ணீரும் அரை கப் வினிகரும் ஊற்றுங்கள். தென்னை வினிகர் கிடைத்தால் அதுதான் சரி. இனி கரண்டியைக் கீழே வையுங்கள். மூடாமல் கொதிக்கவிடுங்கள், கிளறாதீர்கள். கிளறினால் பச்சை வாடை தங்கிவிடும் என்பது அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் வாக்கு. மூக்கைத் துளைக்கும் நெடி ஐந்து நிமிடத்தில் அடங்கி, பூண்டு மணம் மேலே வரும். அப்போது தீயைக் குறைத்து மூடி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிடுங்கள். தோலில் குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

அப்புறம் துண்டுகளை மட்டும் எடுத்து, மேலே மிதக்கும் கொழுப்பிலேயே ஓரம் சிவக்க வறுத்து, குழம்பைத் திரும்ப ஊற்றி, கரண்டியில் ஒட்டும் அளவுக்கு வற்றவிடுங்கள்.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில், அந்த வெக்கையில் கறி கெடாமலிருக்க வினிகரில் வேகவைத்தார்கள். அடோபோ என்ற பெயர் ஸ்பானியர்கள் வைத்தது, சமையல் அவர்களுக்கு முந்தியது. சோயா சீன வணிகர்கள் வழியாக வந்தது. சோயா இல்லாமல் உப்புப் போட்டு வெள்ளையாகவும் வைப்பார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும்.

சூடான வெறும் சோறு போதும். முடிந்தால் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுங்கள். புளிப்பு சதைக்குள் இறங்கியிருக்கும், முதல் நாளைவிட ருசி.