ஆய்வுக் கட்டுரை: வாசிப்பவர் எந்த வரியில் நின்றுபோகிறார்?

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது முதல் பக்கத்தின் மூன்றாவது வாக்கியத்தருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் ஒரு கோடுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதைத் தாண்ட முடியலம்மா" என்றார். தகவலில் பிழை எதுவும் இல்லை. படிப்பவருக்கு எது முன்னால் தெரிய வேண்டும், எது பின்னால் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த இயலைத் திருத்தி எழுதியபோது கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன். தலைப்புத் தேர்வு, அடிக்குறிப்பு பற்றியெல்லாம் பேசவில்லை. மேற்கோள் பட்டியலுக்கு மட்டும் ஸோடெரோ என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். கையால் தயாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

1. யாருக்கு எழுதுகிறோம்?

நெறியாளருக்கு அல்ல. அவருக்கு உங்கள் தலைப்பு ஏற்கெனவே தெரியும். பக்கத்துத் துறையில் ஆய்வு செய்யும் ஒருவரை மனதில் வையுங்கள். நான் எழுதியது ஏரிப் பாசனம் பற்றி. என் வாசகர் பொருளியல்காரர். மதகு அவருக்குத் தெரியும், கலிங்கு தெரியாது. எனவே கலிங்கு முதன்முதலில் வரும் வாக்கியத்திலேயே 'ஏரி நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் அமைப்பு' என்று சொல்லிவிட வேண்டும்.

2. தெரிந்ததில் தொடங்கிப் புதியதில் முடியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கேள்விக்குறி வாங்கிய வாக்கியம்:

"1836இல் ஆர்தர் காட்டனால் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணையிலிருந்து பிரிந்து வடவாறு வழியாக வந்து சேரும் நீரைத் தேக்கி, காட்டுமன்னார்கோவில் வட்டார வயல்களுக்குப் பாசனம் தந்து, சென்னைக்குக் குடிநீராகவும் பயன்படும் வீராணம் ஏரியின் நீர்ப் பங்கீட்டுச் சிக்கல் இங்கு ஆராயப்படுகிறது."

தமிழில் வினை கடைசியில் வரும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு முற்றுவினைக்காக வாசகர் காத்திருக்க வேண்டும். எதைப் பற்றிய பேச்சு என்பதே கடைசியில்தான் தெரிகிறது. திருத்திய வடிவம்:

"வீராணம் ஏரியின் நீருக்கு இரண்டு தேவைகள் போட்டியிடுகின்றன: காட்டுமன்னார்கோவில் வட்டாரப் பாசனம், சென்னையின் குடிநீர். ஏரிக்கு நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. கீழணையில் நீர் குறையும் ஆண்டுகளில் இந்தப் போட்டி எப்படித் தீர்க்கப்படுகிறது என்பதே இந்த இயலின் கேள்வி."

முதல் வாக்கியத்தில் அறிமுகமான ஏரி இரண்டாவதன் தொடக்கத்தில் நிற்கிறது. இரண்டாவதில் புதிதாக வந்த கீழணை, மூன்றாவதைத் தொடங்கி வைக்கிறது. சங்கிலி அறுபடவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். பெரும்பாலும் வினைக்குச் சற்று முன்னால் நிற்பதில்தான் அழுத்தம் விழும். 'நீர் வடவாறு வழியாகக் கீழணையிலிருந்து வருகிறது' என்றால் எங்கிருந்து என்ற கேள்விக்குப் பதில். 'நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது' என்றால் எந்த வழியாக என்பதற்குப் பதில். சொற்கள் அவையேதான். வாசகர் மனதில் அந்த நேரத்தில் எந்தக் கேள்வி இருக்கிறதோ, அதன் பதிலை வினைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

1836ஐ நீக்கிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். சிரமப்பட்டுத் தேடிய ஆண்டு, விட மனம் வரவில்லை. ஆனால் பங்கீடு பற்றிய இயலுக்கு அது தேவையில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் இதற்குப் பெயரே உண்டு: மற்றொன்று விரித்தல். என் பழைய வாக்கியத்துக்கு மயங்க வைத்தல் என்ற குற்றமும் பொருந்தும். அந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். திருத்தும் வேலைக்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை.

3. 'கருதப்படுகிறது'

யார் கருதுகிறார்? பெயர் தெரிந்தால் எழுதுங்கள். நீங்களே என்றால் 'கருதுகிறேன்' என்று தயங்காமல் எழுதுங்கள்.

4. ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்

முழுக் கட்டுரையும் வேண்டாம், முதல் பத்தி போதும். அச்செடுத்துக் கொடுங்கள், திரையில் படிப்பவர் கண்ணை ஓட்டிவிடுவார். 'புரியுதா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'அடுத்த பத்தியில் என்ன வரும்னு நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். என் தங்கை 'அணை கட்டின வரலாறு வரும்' என்றாள். வரலாற்றுக்கு அதில் இடமே இல்லை. சரி, முதல் பத்தி தவறான வழியைக் காட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஆள் கிடைக்காவிட்டால் சத்தமாக வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். மூச்சு வாங்கும் இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம்.

பின்சேர்க்கை: இரண்டாம் பகுதியில் சொன்னதைச் செய்து பார்த்த சிலர், இப்போது எல்லா வாக்கியமும் 'இது', 'இதனால்' என்றே தொடங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. 'இது' தனியாக நின்றால் எதைச் சுட்டுகிறது என்று வாசகர் பின்னால் போய்த் தேடுவார். பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் சேருங்கள்: 'இந்தப் பங்கீடு', 'இந்தத் தாமதம்'. சேர்க்கப் பெயர்ச்சொல் கிடைக்கவில்லை என்றால், முந்தைய வாக்கியத்தில் என்ன சொன்னோம் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. அதை முதலில் திருத்துங்கள்.