கேட்காமல் அனுப்பிய ரெஸ்யூம்: ரெக்ரூட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியில் நான் சேர்ந்த மூன்றாவது மாதம். வேலைத் தளம் ஒன்றில் கிடைத்த ரெஸ்யூமை, உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் க்ளையன்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த மேனேஜர், ஆள் எப்படி என்று விசாரிக்கத் தன் பழைய நண்பருக்குப் போன் போட்டார். அந்த நண்பர்தான் ரெஸ்யூமுக்கு உரியவருடைய பாஸ். மறுநாள் காலை ரெஸ்யூமுக்கு உரியவர் என்னைக் கூப்பிட்டார்; கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்?" என்றார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய ப்ரமோஷன் வரவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எந்த ஊர், சம்பளம் எதுவரை என்று எல்லாம் சொல்லி, "அனுப்புங்க" என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதில் போதும். அது வரும்வரை ரெஸ்யூம் உங்களிடமே இருக்கட்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் முன்னால் வைக்கிறது.

மற்ற தவறுகள் பலவற்றுக்கு வேர் நமக்குக் காசு வரும் விதத்தில் இருக்கிறது. நாம் சேர்த்துவிட்ட ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதத்தை, அதாவது ஒரு மாதச் சம்பளத்தை, க்ளையன்ட் நமக்குத் தருவார். பல இடங்களில் இதுதான் கணக்கு. ஆள் சேர்ந்தால்தான் பில். அதனால் நைட் ஷிஃப்ட்டைச் சொல்லாமல் விடத் தோன்றும். இரண்டு வருடம் வேலையை விடக்கூடாது என்ற பாண்டை, ஆஃபர் லெட்டர் வரட்டும் என்று தள்ளிப்போடத் தோன்றும். மூன்று வருட அனுபவத்தை நான்காகத் திருத்தவும் கை போகும். சேர்ந்தவர் 90 நாளுக்குள் போய்விட்டால் வேறு ஆளை இலவசமாகத் தரவேண்டும் என்று பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். நம் நஷ்டம் அவ்வளவுதான். நோட்டீஸ் பீரியட் முடித்துப் பழைய வேலையை விட்டு வந்தவருக்குத் திரும்பிப் போக இடம் இருக்காது.

வேலை தேடி வருகிறவரிடம் காசு வாங்கவே கூடாது. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெய்னிங் சார்ஜ், லேப்டாப் டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் அது தவறுதான். தொழிலாளரிடம் கட்டணம் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு மட்டும், பதிவுபெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்க நம் நாட்டு விதி இடம் தருகிறது. அதற்கும் ரசீது தரவேண்டும்.

"கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ?" என்று பெண்களிடம் கேட்பதை விட்டுவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. க்ளையன்ட் வாய்மொழியாக "கல்யாணம் ஆகாதவங்களா பாருங்க" என்றால், அதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை ஒருவரும் அனுப்பியதில்லை.

இன்டர்வியூ முடித்தவருக்கு முடிவைச் சொல்லாமல் விடுவதைப் பலர் தவறென்றே நினைப்பதில்லை. போன் வரும் என்று வேறு ஆஃபரைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து வரை எனக்கு வேறு வேலை கிடையாது. அந்த வாரம் தேர்வாகாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். பலர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னதுக்கு தேங்க்ஸ் மேடம்" என்கிறார்கள்.